‘எவரொருவர்’: இந்திய அவதூறுச் சட்ட வரலாற்றில் தனிமனிதர் எழுத்து

அச்சகமும் இதழும் இல்லாத ஒருவர், இணைய உரையாடல் ஒன்றில் தட்டெழுதிய இரண்டு வரிகளுக்காக நீதிமன்றத்தில் நிற்க நேரும் காலம் இது. இந்நிலை புதியது என்றும் பழைய சட்டம் இதனை எதிர்பார்க்கவில்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்தின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி ஆய்வுக்குரியது. 1860-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு ‘எவரொருவர்’ என்னும் சொல்லோடுதான் தொடங்கியது. இதழாசிரியரோ அச்சிடுவோரோ அப்பிரிவில் தனித்துச் சுட்டப்படவில்லை. அச்சிடுதலும் விற்றலும் 501, 502 ஆகிய பின்னைப் பிரிவுகளுக்குத் தள்ளப்பட்டன. சட்டத்தின் முதற்பார்வை அச்சுக்கூடத்தின்மேல் விழவில்லை. பேசியும் எழுதியும் சைகை காட்டியும் பிறர் பெயரைக் கெடுக்கும் சாதாரண மனிதர்மேல் விழுந்தது. எனவே, தனிமனிதரைப் பொறுப்பாக்குவதில் இணையம் இச்சட்டத்திற்குப் புதிய சிக்கல் எதனையும் தரவில்லை எனலாம். சிக்கல் அவருக்குரிய காப்புகளில்தான் உள்ளது. அக்காப்புகளுட் சில, இதழியலை மனத்திற் கொண்டு பிற்காலத்தில் வடிவம் பெற்றவை. இவ்வேறுபாடு உருவான வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சும் எழுத்தும்

அகத்திணை மரபு ஊரார் பழிமொழியை அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்தது. வெளிப்படாது முணுமுணுக்கப்படுவது அம்பல். வெளிப்படப் பரவுவது அலர். பரவலின் அளவே அங்குப் பாகுபாட்டின் அடிப்படை. ஆங்கிலப் பொதுச்சட்டம் வேறோர் அடிப்படையைக் கொண்டது. அது ஊடகத்தை வைத்துப் பிரித்தது. எழுத்துவழி அவதூறுக்கு இழப்பு நேர்ந்ததென மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வாய்மொழி அவதூறுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, உண்மையான இழப்பைக் காட்டியாக வேண்டும். குற்றவியல் முறையிலும் எழுத்துவழி அவதூறே தண்டனைக்குரியதாயிற்று. எழுத்து பொது அமைதியைக் குலைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காரணத்தின் விளைவாகவே, சொன்னது உண்மை என்பது குற்றவழக்கில் எதிர்வாதமாக ஏற்கப்படவில்லை. உண்மையான பழி பொய்ப்பழியைக் காட்டிலும் சினமூட்டும் அல்லவா?

இச்சட்டம் இந்தியாவிற்கு வந்தபோது முதலில் அகப்பட்டவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. 1780 சனவரி 29-இல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய ‘பெங்கால் கெசட்’ இதழில் புனைபெயர்க் கடிதங்கள் மிகுதியாக வெளிவந்தன. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் மதப்பணியாளர் கீர்னாண்டரும் தொடர்ந்த அவதூறு வழக்குகளில் 1781-இல் அவர் சிறை சென்றார். 1782-இல் இதழ் நின்றது. புனைபெயரில் எழுதியவர் மறைந்திருக்க, இடங்கொடுத்தவர் தண்டனை பெறும் காட்சி இந்திய இதழியலின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

மெக்காலே வரைவும் 1860-ஆம் ஆண்டுச் சட்டமும்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவு, இவ்விரண்டு ஆங்கிலக் கோட்பாடுகளையும் கைவிட்டது. பேச்சு, படிப்பதற்கென எழுதப்பட்ட சொல், குறி, காட்சிவடிவம் ஆகிய அனைத்தும் ஒரே வரையறைக்குள் வந்தன. அவதூறின் தீமை பொது அமைதியின் குலைவில் இல்லை. பழிக்கப்பட்டவர் அடையும் துன்பத்தில் உள்ளது என்பது ஆணையத்தின் வாதம். இவ்வாதத்தை ஏற்றால், வாயாற் சொன்னால் குற்றமில்லை, கையால் எழுதினால் குற்றம் என்னும் பாகுபாடு பொருளற்றதாகிவிடும். இதன் மறுபக்கமாக, உண்மையைச் சொல்லுதல் அவதூறாகாது என்றும் வரைவு வகுத்தது. அதற்கு வேறு நிபந்தனை எதுவும் இணைக்கப்படவில்லை. குற்றத்தின் எல்லை அகன்றது. அதற்கு ஈடாகக் காப்பின் எல்லையும் அகன்றது. வரைவின் நேர்மை இச்சமநிலையில் உள்ளது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டம் நிறைவேறியபோது இச்சமநிலை நிலைக்கவில்லை. பேச்சையும் எழுத்தையும் ஒன்றாக்கிய பகுதி தங்கிற்று. உண்மைக்குரிய காப்பு மட்டும் சுருங்கிற்று. 499-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கின்படி, கூற்று உண்மையாக இருத்தல் மட்டும் போதாது. அது பொதுநலம் கருதியதாகவும் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட காலத்தில், 1843-இல், இங்கிலாந்து தன் குற்றவியல் அவதூறுச் சட்டத்தைத் திருத்தி, உண்மையோடு பொதுநன்மையும் சேர்ந்தால் எதிர்வாதமாகும் என்று ஏற்றிருந்தது. அத்திருத்தத்தின் சாயல் இந்தியச் சட்டத்தில் படிந்திருப்பதாகக் கொள்வது பொருந்தும். ஆங்கிலேயருக்கு அது பழைய சட்டத்திலிருந்து ஒரு விடுதலை. மெக்காலே வரைவோடு ஒப்பிட, இந்தியருக்கு அது ஒரு பின்னடைவு. உரிமையியல் வழக்கிலோ உண்மை என்பது முழுமையான எதிர்வாதமாகவே இருந்து வருகிறது. ஒரே கூற்றுக்கு இழப்பீடு கேட்க முடியாது, ஆயினும் சிறைத்தண்டனை கேட்கலாம் என்னும் முரண் இன்றளவும் தொடர்கிறது.

இச்சட்டத்தில் நான்காம் விளக்கம் தனியே நோக்கத்தக்கது. ஒருவருடைய ஒழுக்க, அறிவு நிலைகளைத் தாழ்த்துவதோடு, அவருடைய சாதியைப் பொறுத்தோ தொழிலைப் பொறுத்தோ மதிப்பைத் தாழ்த்துவதும் நற்பெயருக்குத் தீங்காகும் என்று அது வகுத்தது. நற்பெயர் தனிமனிதருடையது என்று தொடங்கிய சட்டம், அப்பெயரின் உறைவிடங்களுள் ஒன்றாகச் சாதியையும் எழுதி வைத்தது. அக்காலச் சமூகத்தைப் படம் பிடித்தது என்று இதனை விளக்கலாம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அச்சொல் நீக்கப்படாததற்கு அவ்விளக்கம் போதாது.

தண்டனைச் சட்டம் 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தின் 25-ஆம் நாள், பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் ‘மகாராஜ் அவதூறு வழக்கு’ விசாரணைக்கு வந்தது. அது பழைய ஆங்கில முறையில் அமைந்த உரிமையியல் வழக்கு. ‘சத்யபிரகாஷ்’ என்னும் குஜராத்தி இதழில் 1860 அக்டோபரில் கர்சந்தாஸ் முல்ஜி எழுதிய கட்டுரைக்காக, வல்லப நெறியின் சமயத் தலைவர்களுள் ஒருவர் 50,000 ரூபாய் இழப்பீடு கேட்டார். கர்சந்தாஸ் அந்நெறியைச் சார்ந்த வணிகக் குடும்பத்தவர். தம் சமூகத்திற்குள் நடந்த பூசலை அச்சிலேற்றியதே அவர் செய்தது. ஏப்ரல் மாதத் தீர்ப்பு, கூற்றுகள் மெய்ப்பிக்கப்பட்டன என்று அவர் பக்கம் நின்றது. செலவுத்தொகையாக அவருக்கு 11,500 ரூபாய் கிடைத்தது. குற்றவழக்காக இருந்திருப்பின், உண்மையை மெய்ப்பித்த பின்னரும் பொதுநலத்தையும் அவர் மெய்ப்பித்தாக வேண்டியிருந்திருக்கும்.

உரிமையியலில் ஆங்கிலப் பாகுபாடு இந்தியாவில் எளிதில் வேர்கொள்ளவில்லை. பெண்ணின் கற்பைப் பழித்து வாயாற் பேசிய வழக்கொன்றில், 1880களின் நடுவில், சென்னை உயர் நீதிமன்றம் பணவிழப்பைக் காட்ட வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. இந்நாட்டில் வாய்ச்சொல்லின் காயம் எழுத்தின் காயத்திற்குக் குறைந்ததன்று என்பதை அந்நீதிபதிகள் உணர்ந்திருந்தனர்.

ஆறாம் விதிவிலக்கும் இலக்கியத் திறனாய்வும்

பத்து விதிவிலக்குகளுள் தமிழாய்வுலகிற்கு நெருக்கமானது ஆறாவது. பொதுமக்கள் தீர்ப்புக்கென ஒருவர் முன்வைத்த படைப்பைப் பற்றியும், அப்படைப்பில் வெளிப்படும் அளவிற்கு அவர் பண்பைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு கருத்துரைப்பது அவதூறாகாது. சட்டம் இதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் நுட்பமானவை. ஒருவருடைய நூல் மடமையானது, ஆகவே நூலாசிரியர் மெலிந்த அறிவினராதல் வேண்டும் என்பது காப்புக்கு உட்பட்டது. அவர் மெலிந்த அறிவினர், ஒழுக்கமற்றவர், ஆகவே அவர் நூல் அவ்வாறிருப்பதில் வியப்பில்லை என்பது காப்புக்கு உட்படாது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. வாதத்தின் திசை மட்டும் மாறியுள்ளது. பனுவலிலிருந்து ஆசிரியரை நோக்கிச் செல்லலாம். ஆசிரியரிலிருந்து பனுவலை நோக்கிச் செல்லலாகாது. திறனாய்வுக் கோட்பாடு பேசுவோர் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை ஒரு தண்டனைச் சட்டம் இரண்டு வரிகளில் சொல்லியிருப்பது வியப்பிற்குரியது.

இணைய இலக்கியப் பூசல்கள் பெரும்பாலும் இத்திசை மாற்றத்திலேயே தடம் புரள்கின்றன. பதிப்பில் பாடபேதம் விடுபட்டதைச் சுட்டத் தொடங்கும் உரையாடல், பத்தாவது மறுமொழிக்குள் பதிப்பாசிரியரின் பட்டம் எவ்வாறு பெறப்பட்டது என்னும் வினாவிற்கு வந்துவிடுகிறது. முதல் மறுமொழிக்கு ஆறாம் விதிவிலக்கு உண்டு. பத்தாவதற்கு இல்லை, அவர் முதல் விதிவிலக்கிற்குச் சென்று உண்மையையும் பொதுநலத்தையும் மெய்ப்பித்தாக வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை எழுதும் விரல் உணர்வதில்லை.

இணைய உரையாடலின் இயல்பு

மின்வழி அவதூறு பற்றிய இந்தியாவின் தொடக்ககால வழக்குகளுள் ஒன்று 2001-இல் தில்லி உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. நிறுவனத் தலைவர் ஒருவரைப் பழித்து மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பணியாளருக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. மின்னஞ்சல் எழுத்து என்பதில் எவருக்கும் ஐயமெழவில்லை. பலர் கூடி எழுதும் உரையாடலைப் பற்றியே இங்கிலாந்தில் ஐயம் எழுந்தது. 2008-இல் அந்நாட்டு உயர் நீதிமன்ற நீதிபதி ஈடி, முதலீட்டாளர்களின் இணைய உரையாடற் பலகை பற்றிய வழக்கில், அத்தகைய பதிவுகள் எழுத்து வடிவில் இருப்பினும் இயல்பில் வாய்மொழிப் பேச்சை ஒத்தவை என்று கருதினார். மதுக்கடையில் கூடிப் பேசுவோரைப் போல யோசியாது எழுதி, எழுதியதை மறந்து, அடுத்ததற்குச் செல்வோர் அவர்கள். அக்களத்தில் இருப்போரும் அதனை அறிந்தே இருக்கின்றனர் என்பது அவர் பார்வை.

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இவ்வாதத்திற்கு நுழைவாயிலே இல்லை. 1837-இல் மெக்காலே அதனை மூடிவிட்டார். பேச்சு என்று வகைப்படுத்தினாலும் பிரிவு அதுவே, தண்டனையும் அதுவே. எனினும் ஈடியின் கருத்தில் மற்றொரு கூறு உண்டு. அது பொருள்கோள் பற்றியது: எழுதப்பட்ட சொல்லை அக்களத்தின் வாசகர் எவ்வாறு படிப்பர்? 2019-இல் ஐக்கிய அரசு உச்ச நீதிமன்றம் இதனை உறுதியாகக் கையாண்டது. முன்னாள் கணவர் தம் கழுத்தை நெரிக்க முயன்றார் என்னும் பொருளில் ஒரு பெண்மணி ஃபேஸ்புக் உரையாடலொன்றில் எழுதியிருந்தார். கீழ் நீதிமன்ற நீதிபதி ஆக்ஸ்போர்டு அகராதியைப் புரட்டி, அச்சொல்லுக்குக் கொல்ல முயன்றதாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. சாதாரண வாசகர் அகராதியோடு படிப்பதில்லை. கழுத்தைப் பிடித்து இறுக்கினார் என்றே விளங்கிக்கொள்வர் என்றது. நிகண்டுப் பொருளுக்கும் வழக்குப் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அறிந்த தமிழாய்வாளர்கள், மாநில மொழிப் பதிவுகள் மொழிபெயர்ப்பாக நீதிமன்றத்தை அடையும் நிலைமையை இத்துடன் இணைத்து எண்ணுதல் வேண்டும். ‘கிழித்துவிட்டார்’ என்பதும் ‘தோலுரித்தார்’ என்பதும் மொழிபெயர்ப்பில் என்னவாகும்?

இணைய எழுத்து பேச்சை ஒத்தது எனினும், பேச்சைப் போல மறைந்துவிடுவதில்லை. இதற்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1830-இல் வெளிவந்த இங்கிலாந்து இதழொன்றின் பழம்படியை, பதினேழு ஆண்டுகள் கழித்து பிரன்சுவிக் கோமகன் தம் பணியாளை அனுப்பி விலைக்கு வாங்கச் செய்தார். அவ்விற்பனையே புதிய வெளியீடு. ஆகவே காலவரம்பு கடக்கவில்லை என்று 1849-இல் தீர்ப்பாயிற்று. இவ்விதியை இணையத்திற்குப் பொருத்தினால், ஒரு பதிவை ஒருவர் திறக்குந்தோறும் குற்றம் புதிதாகப் பிறக்கும். 2013-இல் ஃபேஸ்புக் பதிவு பற்றிய வழக்கொன்றில் தில்லி உயர் நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. முதல் வெளியீட்டு நாளிலிருந்தே 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் ஓராண்டு கணக்கிடப்படும். வேறு வாசகரைக் கருதி மீண்டும் வெளியிட்டாலன்றிக் காலம் புதிதாகத் தொடங்காது என்றது. தனிமனிதருக்குக் கிடைத்த உண்மையான காப்புகளுள் இது ஒன்று. குற்றவழக்கிற்கோ காலவரம்பு மூன்றாண்டு.

பிறர் சொல்லைப் பரப்புவோர் நிலை கடுமையானது. ‘அவர் சொன்னதைத்தான் சொன்னேன்’ என்பது ஊர்வம்பில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. 2024 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால் 2018-இல் செய்த டுவிட்டர் மறுபகிர்வு தொடர்பான அழைப்பாணையை நீக்க மறுத்தபோது, அவதூறான பதிவை மறுபகிர்தலும் 499-ஆம் பிரிவின்படி வெளியீடே என்று கூறியது. பலர் பின்தொடரும் ஒருவரின் சொல்லுக்கு வீச்சு மிகுதி என்பதும் அங்குச் சுட்டப்பட்டது. அலரின் அளவு இங்குத் தான் சட்டத்தின் கண்ணில் படுகிறது.

உரையாடற் குழுவை நடத்துவோரின் நிலை இதனின் வேறானது. 2016-இல் அதே உயர் நீதிமன்றம், உறுப்பினர் எழுதிய அவதூறுக்குக் குழு நிர்வாகியைப் பொறுப்பாக்குவது, செய்தித்தாளுக்குத் தாள் செய்து கொடுத்தவரைப் பொறுப்பாக்குவதை ஒக்கும் என்றது. முடிவு ஏற்கத்தக்கது, உவமை முற்றும் பொருந்துவதன்று. தாள் செய்தவருக்கு அதில் அச்சிடப்பட்டதை அழிக்கும் ஆற்றல் இல்லை. 1937-இல் இங்கிலாந்தின் கோல்ப் சங்கமொன்றின் சுவரில் பெயரின்றி ஒட்டப்பட்ட பழிப்பாடலைப் பற்றிய வழக்கு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. எடுத்தெறியும் உரிமையிருந்தும் எடுக்காமல் விட்ட சங்கத்தார், வெளியீட்டில் பங்குகொண்டவராவர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. (அப்பாடல் அவதூறாகாது என்று வழக்கு முடிந்தது வேறு செய்தி.) செய்தியை அழிக்கும் வசதி நிர்வாகிக்கு உள்ளபோது தாள் செய்தவரைவிடச் சுவருக்குரியவரே அவருக்கு நெருங்கிய உவமை.

பெரிய நிறுவனங்களுக்கு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு காப்பளிக்கிறது. 2015 மார்ச்சு 24-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் 66-அ பிரிவை நீக்கியபோது, இக்காப்பையும் வலுப்படுத்தியது; நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தபின் அகற்றினால் போதும் என்றது. 66-அ நீங்கியதால் இணையத்தில் எழுதுவோர் விடுதலை பெற்றதாகப் பேசப்பட்டது. ஆனால் அப்பிரிவு அவதூறைப் பற்றியதே அன்று எனவும் அத்தீர்ப்பு தெளிவாகக் கூறியிருந்தது. தளமும் நிர்வாகியும் விலகிய பின் எஞ்சியவர் எழுதியவர் ஒருவரே. ஹிக்கியின் காலத்துக் காட்சி தலைகீழாயிற்று.

இதழாளரும் பிறரும்

1914-இல் கோமறை மன்றத்திற்கு வந்த ரங்கூன் வழக்கு இவ்விடத்தில் முக்கியமானது. பர்மா அன்று பிரித்தானிய இந்தியாவின் பகுதி. மாவட்ட நீதித்துறை நடுவரைப் பழித்து எழுதியதற்காகத் தண்டனை பெற்ற இதழாசிரியர் சானிங் அர்னால்டின் முறையீட்டில், இதழாளரின் உரிமை குடிமகனின் பொது உரிமையிலிருந்து வேறானதன்று, அவருக்கென்று தனிச்சலுகை இல்லை என்று மன்றம் கூறியது. இதழாளரை மட்டுப்படுத்தவே இக்கருத்து சொல்லப்பட்டது. எனினும் அதனைத் திருப்பிப் படித்தால், இதழாளருக்கு எது உண்டோ அது எவருக்கும் உண்டு என்றாகும்.

1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ‘நக்கீரன்’ வழக்குத் தீர்ப்பு இதழாளரின் நிலையை உயர்த்தியது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய அவ்வழக்கில், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அவதூறு வழக்குத் தொடர முடியாது; அரசு அலுவலர் தம் அலுவல் பற்றிய கூற்றுக்கு, அது உண்மையைப் பற்றிய அலட்சியத்தோடு செய்யப்பட்டாலன்றி, இழப்பீடு பெற முடியாது என விதிக்கப்பட்டது. கூற்று உண்மையென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தக்கவாறு சரிபார்த்தபின் எழுதியதைக் காட்டினாற் போதும். ஆனால் இச்சலுகையைப் பெறும் எதிர்வாதி யார் என்பதற்கு, நீதிபதி ஜீவன் ரெட்டி அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்: பத்திரிகை அல்லது ஊடகத்தைச் சார்ந்தவர். 1914-இன் சமன்பாடு அவ்வடைப்புக்குறியில் தடைப்பட்டு நிற்கிறது. நியாயவிலைக் கடை ஊழலைப் படமெடுத்துத் தம் பக்கத்தில் இடும் ஒருவர் ஊடகத்தைச் சார்ந்தவரா என்னும் வினா 1994-இல் எழவில்லை. இத்தீர்ப்பு உரிமையியல் இழப்பீட்டைப் பற்றியது என்பதும் மறக்கத்தக்கதன்று.

குற்றவியல் அவதூறு தொடரலாம் என 2016 மே 13-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; நற்பெயர் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்புக் காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்றது. இலங்கை 2002-இலும், இங்கிலாந்து 2010 தொடக்கத்திலும் இக்குற்றத்தைத் தம் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டன. 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நற்பெயரின் மதிப்பை விரிவாக எடுத்துரைக்கிறது. வழக்கே தண்டனையாகும் நிலையை அதே அளவிற்கு எடைபோடவில்லை. பதிவு எங்கும் படிக்கப்படுவதால், முறையீடும் தொலைவிலுள்ள ஊர்களில் எழலாம். நடிகை குஷ்பு 2005-இல் தெரிவித்த கருத்துக்காகத் தமிழகத்தின் பல ஊர்களில் தொடரப்பட்ட 23 முறையீடுகளை 2010-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. தில்லி வரை செல்ல அவருக்கு இயன்றது. ஆளெல்லைக்கு வெளியே வாழ்பவர்மேல் அழைப்பாணை அனுப்புமுன் நடுவர் விசாரித்தறிதல் வேண்டும் என்னும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமே பிறருக்குள்ள தடுப்பு.

2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, பழைய 499-இன் வாசகத்தை ஏறத்தாழ அப்படியே கொண்டுள்ளது. ‘எவரொருவர்’ என்னும் தொடக்கமும், பத்து விதிவிலக்குகளும், நூலாசிரியர் பற்றிய எடுத்துக்காட்டும் அதில் உள்ளன. ஈராண்டு வெறுங்காவல், தண்டத்தொகை ஆகியவற்றோடு சமூகப்பணியும் தண்டனையாகச் சேர்ந்துள்ளது. நல்லெண்ணம் என்பதற்குத் தக்க கவனத்தோடும் அக்கறையோடும் செய்தல் என்னும் பழைய வரையறையும் மாறவில்லை. செய்தியறையும் சரிபார்ப்பவரும் சட்ட ஆலோசகரும் இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி எழுதும் ஒருவருக்கு எவ்வளவு கவனம் ‘தக்க கவனம்’ ஆகும் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் முதல்நிலை நடுவரே அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது.